மெட்டுகளின் மேல் நடந்து வந்தான்

ஈசன் எனக்குக் கிட்டாரில் வந்தான். வீணையில் வருவான் என்று வாசல் பார்த்துக் காத்திருந்தவள் நான். கலைமகள் மடியில் வைத்திருக்கிற வாத்தியம், பாபநாசத்து வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற வாத்தியம், அதில்தான் அவன் வருவான் என்று நம்பியிருந்தேன். அவனோ ஆறு கம்பி கட்டி, மின்சாரத்தில் பேசுகிற ஒரு வாத்தியத்தில் ஏறி வந்து என் உயிரை உலுக்கிவிட்டுப் போனான். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுத உட்கார்ந்தால், அவன் வருவதற்கு வழி வெட்டி வைத்த ஒரு மனிதரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அவர் பெயர் பிரசன்னா. ‘கிட்டார் பிரசன்னா’ என்றால் சபாக்களில் எல்லோருக்கும் தெரியும். 1970-ல் பிறந்தவர். சொந்த ஊர் ராணிப்பேட்டை. தோல் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன பாலாற்றங்கரை ஊர் அது. அங்கே ஒரு சின்னப் பையன் கையில் கிட்டார் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பக்கம் கிட்டார் என்றால் சினிமாப் பாட்டு, கல்லூரி விழா, சர்ச்சில் கொயர். அதற்கு மேல் யாரும் அந்த வாத்தியத்திடம் எதுவும் கேட்டதில்லை. அந்தப் பையன் கேட்டார். மேல்நாட்டு ராக் இசையையும் காதில் வாங்கினார், மும்மூர்த்திகளின் கீர்த்தனங்களையும் காதில் வாங்கினார், இரண்டையும் அதே ஆறு கம்பியில் தேடினார்.

சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தார். படித்த படிப்புக்குக் கடல் பக்கம் போயிருந்தால் நல்ல சம்பளம், நல்ல வாழ்வு. அவர் பாஸ்டன் நகரத்துக்குப் போனார், பெர்க்லீ இசைக் கல்லூரிக்கு. ஜாஸ் இசையையும் மேல்நாட்டு சாஸ்திரிய இசையமைப்பையும் முறையாகப் படித்துத் தேறினார். ஆனால் அதற்கு முன்னாலேயே அவர் உட்கார்ந்து பாடம் கேட்ட இடங்கள் வேறு. வாய்ப்பாட்டு வித்வான் திருவாரூர் பாலசுப்ரமணியத்திடம் கற்றார். வயலின் மேதை ஏ. கன்யாகுமரியிடம் கற்றார். இந்த இரண்டு பெயர்களையும் நினைக்கும்போதே எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. ஒருவரும் கிட்டார் வாத்தியார் இல்லை. தொண்டையில் இருக்கிற சங்கீதத்தையும் வில்லில் இருக்கிற சங்கீதத்தையும் அவர்கள் கொடுத்தார்கள். அதை விரலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டிய பாடு முழுக்க சிஷ்யருடையது.

கன்யாகுமரி அம்மாளைப் பற்றி இங்கே இன்னும் கொஞ்சம் சொல்லியே தீரவேண்டும். எம்.எல். வசந்தகுமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் வாசித்தவர். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனை எடுத்துக்கொண்டு கச்சேரி மேடை ஏறியபோது அவருக்கும் பக்கபலமாக உட்கார்ந்தவர். 2016-ல் சங்கீத கலாநிதி பட்டம் அவரைத் தேடி வந்தது. புதிதாக வருகிற வாத்தியத்தைக் கண்டு முகம் சுளிக்காத மனசு அது. அப்படி ஒரு குருவைத் தேடிப் போக வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? ஈசன்தான் சொல்லியிருப்பான். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிப்பதில் உள்ள கஷ்டம் வீணைக்காரிக்குத் தெரியும். வீணையிலும் விரல் வைக்கிற மெட்டு உண்டு, கிட்டாரிலும் மெட்டு உண்டு. ஆனால் வீணையின் மெட்டு மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும். தந்தியை அப்படியே பக்கவாட்டில் இழுத்தால் இரண்டு ஸ்வரம், மூன்று ஸ்வரம்கூட ஏறிப் போகலாம். கிட்டாரில் அவ்வளவு இடம் கிடையாது. கம்பி விறைப்பாக இருக்கும், பலகை விரலுக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் பலர் கிட்டாரை மடியில் மல்லாத்திப் போட்டு, இரும்புத் தண்டால் வழித்து வாசித்தார்கள். அதுவும் அழகுதான். பிரசன்னா அந்தப் பக்கம் போகவில்லை. ஜாஸ்காரர்கள் பிடிக்கிற மாதிரியே கிட்டாரை மார்போடு அணைத்துப் பிடித்து, வெறும் விரலாலேயே மெட்டுகளுக்கு மேல் சறுக்கிச் சறுக்கி கமகத்தைக் கொண்டுவந்தார். எத்தனை ராத்திரி அந்த விரல்நுனி தடித்து, உரிந்து, மறுபடி தடித்திருக்கும்! என் இடக்கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி வெட்டிய கோடு நிரந்தரமாக உண்டு. அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

2006-ல் ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்று ஓர் ஆல்பம் போட்டார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற அமெரிக்க கிட்டார் மேதைக்குச் செய்த அஞ்சலி அது. ஹெண்ட்ரிக்ஸ் காலமானது 1970-ல், பிரசன்னா பிறந்த அதே வருஷம். ஹெண்ட்ரிக்ஸின் ஆல்பம் 1968-ல் வந்தது, ‘எலெக்ட்ரிக் லேடி லேண்ட்’. அந்தப் பெயருக்குள் நம் பிள்ளையார் போய் உட்கார்ந்துகொண்டார். கூடவே நம் தாள வாத்தியங்களும் போய்ச் சேர்ந்தன. முதலில் கேட்டபோது எனக்குக் காது கூசியது. இரண்டாம் முறை கேட்டபோது அந்த இரைச்சலுக்குள் ஒரு தேர் அசைந்து வருவது தெரிந்தது. பிறகு 2011-ல் ‘தீர்த்தா’ வந்தது. பியானோவில் விஜய் ஐயர், தபலாவில் நிதின் மிட்டா, கிட்டாரில் இவர். விஜய் ஐயர் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2009-ல் ஆஸ்கர் பெற்ற ‘ஸ்மைல் பிங்கி’ என்ற குறும்படத்துக்கும் இசை பிரசன்னாதான். உதடு பிளந்து பிறந்த ஓர் ஏழைப் பெண்குழந்தைக்குச் சிரிப்பு கிடைத்த கதை அது.

ஜாஸ் என்றால் என்ன என்று என் வீட்டு வாசலில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பாடகர் ஒரு வரியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்கிறார் இல்லையா, ஸ்வரம் போடுகிறார் இல்லையா, அந்தக் கணத்தில் தோன்றுவதை அந்தக் கணத்திலேயே கணக்குப் பிசகாமல் கொட்டுகிறார் இல்லையா, அதையே வாழ்வாகக் கொண்ட இசை அது. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வம்சத்தில், அழுகையிலிருந்தும் சர்ச்சுப் பாட்டிலிருந்தும் பிறந்தது. அவர்களுக்கு ராகத்தின் இடத்தில் கார்டு வரிசை இருக்கிறது, ஒரே சமயத்தில் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கிற அடுக்கு. நமக்கு ஒற்றைச் சுருதி, ஒற்றை இழை. ஆனால் அவர்களும் காந்தாரத்தை நேராக நிறுத்த மாட்டார்கள், கொஞ்சம் தாழ்த்தி, இழுத்து, விம்ம வைப்பார்கள். அழத் தெரிந்த எந்த ஜனமும் காந்தாரத்தை நேராக நிறுத்தாது.

எழுபதுகளில் ஜான் மெக்லாக்லின் என்ற ஜாஸ் கிட்டார் கலைஞர் அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டு வந்து தன் கிட்டாரின் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கச் சொன்னார், வீணையில் இழுப்பது போலக் கம்பியை இழுக்க வேண்டும் என்பதற்காக. விக்கு விநாயக்ராமின் கடமும், எல். சங்கரின் வயலினும், ஜாகிர் உசேனின் தபலாவும் சேர்ந்து ‘சக்தி’ என்று ஒரு குழு பிறந்தது. அம்பாளின் பெயர்! எங்கோ இங்கிலாந்தில் பிறந்தவர் தன் குழுவுக்கு அவள் பெயரை வைக்கிறார் என்றால், அழைத்தது அவரா, அவளா?

இதெல்லாம் தூரத்துக் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வயலுக்கு நடுவில்தான் இதன் வேர் இருக்கிறது என்பது பிறகு உறைத்தது.

எங்கள் பாபநாசத்துத் திருப்பாலைத்துறைக் கோயிலுக்கு வந்தவர்கள் உள்ளே நுழையும்போதே அந்த நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பார்கள். வட்டமாக, கூம்பு முடியோடு, சுட்ட செங்கல்லில் ஓங்கி நிற்கும். 1600-க்கும் 1634-க்கும் இடையில் தஞ்சை நாயக்கர்கள் கட்டியது. 3,000 கலம் நெல் பிடிக்கும் என்பார்கள். மேலே ஒரு வாய், நடுவில் ஒரு வாய், கீழே ஒரு வாய். குறுவை அறுவடையில் கும்பகோணம் சாலை ஓரம் நெல் காய்கிற வாசனை வரும்போது, இந்தக் களஞ்சியம் நிரம்பியிருந்த நாட்களை நான் கற்பனை செய்துகொள்வேன். அந்த வருஷங்களில் தஞ்சையை ஆண்டவர் ரகுநாத நாயக்கர். அவருக்கு மந்திரி கோவிந்த தீட்சிதர். ரகுநாத நாயக்கரின் பெயரில்தான் இருபத்துநாலு மெட்டு வீணை வழங்குகிறது. அதற்கு முன்னால் ராகத்துக்குத் தக்கபடி மெட்டுகளை நகர்த்தி வைத்து வாசிக்கிற வீணைகள் இருந்தன. எல்லா ராகமும் ஒரே வீணையில் வாசிக்கலாம் என்று மெட்டுகள் நிலைத்து நின்றது இந்த மண்ணில்தான். கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி ‘சதுர்தண்டி பிரகாசிகை’ எழுதி, எழுபத்திரண்டு மேளங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பசிக்குக் களஞ்சியம் எழுந்த அதே நாயக்கர் ஆட்சியிலேயே ராகங்களுக்கும் ஒரு களஞ்சியம் எழுந்திருக்கிறது. எந்தக் கண் அதைத் திட்டமிட்டது, அப்பனே!

வயலினும் இப்படித்தான் வந்தது. திருவாரூரில் 1786-ல் பிறந்த பாலுஸ்வாமி தீட்சிதர், முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி. சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் குடும்பம் தங்கியிருந்தபோது வெள்ளைக்காரர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். கோட்டையில் வாசித்த பாண்டு இசையைக் கேட்டு அண்ணன் அந்த மெட்டுகளுக்கே சமஸ்கிருதத்தில் தெய்வப் பாட்டு எழுதினார். தஞ்சாவூர் சரபோஜி மன்னரின் அரண்மனையிலும் மேல்நாட்டு வாத்தியங்கள் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? மேல்நாட்டு வாத்தியம் என்று யாராவது அதை ஒதுக்குகிறார்களா? மாண்டலினை எடுத்துக்கொண்டு ஸ்ரீனிவாஸ் என்ற குழந்தை வந்தபோது ஊரே அவன் முன்னால் விழுந்து வணங்கியது.

திருப்பாலைத்துறை ஈசன் பாலைவனநாதருடைய கதையே இதற்குச் சாட்சி. தாருகாவனத்து முனிவர்கள் அவனைக் கொல்ல வேள்வித்தீயிலிருந்து புலியை ஏவினார்கள். அவன் அதை உரித்து இடுப்பில் உடுத்திக்கொண்டான். எதிரே வருவது எதுவானாலும் தனக்கு ஆடையாக்கிக்கொள்கிறவன் அவன். கிட்டாரை மட்டும் விட்டுவிடுவானா?

இனி, ஈசன் எனக்குக் கிட்டாரில் வந்த அந்த மாலைக்கு வருகிறேன்.

என் அண்ணன் பேரன் திருச்சியில் பொறியியல் படிக்கிறான். கிட்டார் வாசிப்பான், சினிமாப் பாட்டுத்தான். ஒரு லீவுக்கு வந்திருந்தபோது போனில் பிரசன்னாவின் கச்சேரி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தவன், காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு அடுப்படிக்கு வந்தான். “அத்தைப்பாட்டி, தோடிக்குக் காந்தாரம் எப்படிப் பிடிக்கணும்?” என்றான்.

என் கை மாவிலிருந்தது. அப்படியே நின்றேன். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கச் சொல்லி வருஷக்கணக்கில் எத்தனை பிள்ளைகளிடம் கெஞ்சியிருக்கிறேன். வீணை கற்க வந்ததுகள் வர்ணத்தோடு நின்றுவிடும், கல்யாணமாகிப் போய்விடும். இவன் தானாக வந்து கேட்கிறான்.

“பிடிக்கக் கூடாதுடா கண்ணா,” என்றேன். “தோடியில் காந்தாரத்தைப் பிடிச்சு நிறுத்தினா அது செத்துப்போகும். ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் ஊஞ்சலாட விடணும்.” பாடிக் காட்டினேன். அவன் திரும்பப் பாடினான், நான் மறுத்தேன். மறுபடி பாடினான், மறுபடி மறுத்தேன். குரலில் வந்த பிறகுதான் கிட்டாரைத் தொட விட்டேன். அதற்கே அந்த லீவு போய்விட்டது. பிறகு ராத்திரி போன் பண்ணுவான். நான் இங்கே பாடுவேன், அவன் அங்கே விடுதி மொட்டை மாடியில் வாசிப்பான்.

நவராத்திரி வந்தது. திருப்பாலைத்துறை அம்பாள் தவளவெண்ணகையாள் சந்நிதி முன்னால் தினமும் யாராவது பாடுவார்கள், என் பிள்ளைகள் வீணை வாசிப்பார்கள். இவன் வாசிக்கட்டுமா என்று குருக்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, “அம்பாளுக்கு எந்த வாத்தியமா இருந்தா என்னம்மா? வாசிக்கச் சொல்லுங்கோ,” என்றார். எங்கள் தெருப் பையன் ஒருவன் மிருதங்கத்தோடு வந்தான்.

அன்று சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சம்பா நாற்றங்காலில் தண்ணீர் நிற்க, கோயில் மதிலுக்கு வெளியே தவளைச் சத்தம். அர்த்த மண்டபத்துக்கு வெளியே ஜமுக்காளம் விரித்து, பாட்டரியில் ஓடுகிற சின்ன ஒலிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வேட்டி கட்டியிருந்தான், நெற்றியில் விபூதி. ஆறு கம்பியையும் ஷட்ஜமமும் பஞ்சமமுமாகச் சேர்த்துக்கொண்டான். சுருதி சேர்ந்தது. கிழவிகள் அவன் கோலத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவன் தோடியை எடுத்தான்.

காவிரிக் கரையில் பிறந்த காதுகளுக்குத் தோடி என்றால் நாகஸ்வரம், நாகஸ்வரம் என்றால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவர் 1956-ல் போய்விட்டார். நான் அவரைக் கேட்டது ஒலிப்பதிவில்தான். ஆனாலும் இந்தப் பக்கத்துக் காற்றில் அந்தத் தோடி இன்னும் இருக்கிறது, கோயில் யானை நடந்த தடம் மண்ணில் இருப்பது போல. கிட்டாரில் யார் அதைத் தொட முடியும்?

அவன் வலக்கைச் சுண்டுவிரல் கிட்டாரின் குமிழ் மேல் இருந்தது. கம்பியை மீட்டும்போது ஒலியை முழுக்கத் தணித்துவைத்து, மீட்டிய பிறகு மெல்லத் திருகினான். விரல் பட்ட அடி கேட்கவில்லை. இல்லாத இடத்திலிருந்து நாதம் மட்டும் எழுந்து வந்தது, ஊதின மாதிரி, யாரோ மூச்சு விட்ட மாதிரி. கிழவிகள் பேச்சை நிறுத்தினார்கள். இடக்கை மோதிர விரல் ரிஷபத்து மெட்டில் இருந்தது. அங்கிருந்து மறுபடி மீட்டாமல் மத்யமத்து மெட்டை நோக்கிச் சறுக்கியது, முழுதாகப் போய்ச் சேராமல் திரும்பியது, மறுபடி போனது, திரும்பியது. விரல்நுனியின் சதை வெளுத்துச் சிவப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மெட்டையும் தாண்டும்போது ‘இழ்’ என்று ஒரு சின்ன உரசல். அந்த உரசலுக்கு மேலே காந்தாரம் ஆடியது.

அம்மா! ஆடியது!

என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. கண் தானாக அம்பாள் பக்கம் திரும்பியது. ஐந்து முக விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவள் மூக்குத்தியில் அந்தச் சுடர் ஆடியது, காந்தாரம் எந்த வேகத்தில் ஆடியதோ அதே வேகத்தில். சத்தியமாகச் சொல்கிறேன், அதே வேகத்தில். உள்ளங்காலிலிருந்து ஏதோ ஏறியது. முழங்கால் நடுங்கியது. நான் பாடவில்லை, ஆனால் தொண்டை பாடிக்கொண்டிருந்தது. நான் அழ நினைக்கவில்லை, புடவைத் தலைப்பு நனைந்திருந்தது. அவன் தைவதத்தில் போய் நின்றான், நிஷாதத்தைத் தொட்டும் தொடாமலும் மேல் ஷட்ஜமத்தை எட்டிப் பார்த்தான். அந்த எட்டிப் பார்த்தலில் சந்நிதியின் கல் சுவர் எல்லாம் கரைந்துபோன மாதிரி ஆனது. பெரியவர் ஒருவர் ‘சிவ சிவா’ என்று உரக்கக் கத்தினார். என் கைகள் தலைக்கு மேல் கூப்பியிருந்தன. எப்போது தூக்கினேன் என்று தெரியாது.

அவன் வந்தான். புலித்தோலும் சடையுமாக எந்த உருவமும் என் கண்ணில் படவில்லை. ஆனால் என் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார் என்று இருட்டில் தெரிகிற மாதிரி தெரிந்தது. மெட்டுக்கு மெட்டு கால் வைத்து, அந்தப் பையனின் விரலோடு இறங்கி, ஒலிப்பெட்டியின் துணியைக் கடந்து, ஜமுக்காளத்தைக் கடந்து, எங்கள் எல்லோருக்கும் நடுவில் வந்தான். ரகுநாத நாயக்கரும் வேங்கடமகியும் ராஜரத்தினமும் தங்கள் தங்கள் பங்கை அவன் காலடியில் வைத்திருந்தார்கள். மிசிசிப்பிக் கரையில் பருத்தி பறித்தபடி அழுதவர்களுடைய அழுகையும் அங்கே இருந்தது. ராணிப்பேட்டையில் கதவைச் சாத்திக்கொண்டு விரல் தேய வாசித்த அந்தப் பிள்ளையின் ராத்திரிகள் எல்லாம் அங்கே இருந்தன.

ஆலாபனை முடிந்து கீர்த்தனம் எடுத்தான். பாபநாசம் சிவன் முருகன் மேல் செய்த தோடிக் கீர்த்தனம். தாய்க்கு முன்னால் பிள்ளையைப் பாடினான். ஜனங்கள் மெட்டு தெரிந்து கூடவே முணுமுணுத்தார்கள். வாசலில் பூக்கட்டுகிற அம்மாள் உள்ளே வந்து தூண் ஓரமாக நின்று வாயசைத்தாள். கற்பூர ஆரத்தி காட்டியபோது குருக்கள் தட்டைப் பையனிடம்தான் முதலில் கொண்டுபோனார். கிட்டாரின் மேலும் ஒரு துளி விபூதியை இட்டார்.

பாபநாசம் சிவனைப் பற்றிச் சொல்லாமல் பாபநாசத்துக்காரி எதையும் முடிக்க முடியாது. போலகத்தில் 1890-ல் பிறந்தார், தகப்பனை இழந்து திருவனந்தபுரத்தில் வளர்ந்தார், தாயையும் இழந்தபின் இந்தப் பக்கம் வந்து கோயில் கோயிலாகப் பாடிக்கொண்டு திரிந்தார். விபூதிக் கோலத்தில் அவரைப் பார்த்த ஜனங்களே அவரைச் சிவன் என்றார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ராமய்யா. திருவாரூரில் தியாகேசன் முன்னால் குந்தலவராளியில் முதல் பாட்டு பிறந்தது. பிறகு மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை, சினிமா, நடிப்பு, பெரும் புகழ். 1971-ல் சங்கீத கலாநிதி ஆனார், 1973-ல் போய்ச் சேர்ந்தார். எனக்கு அவர் வாழ்வில் மிகவும் இனிப்பான இடம் கலாக்ஷேத்ராவில் உட்கார்ந்து அவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன இடம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் சினிமாவில் அவர் பாட்டைக் கேட்டார்கள், அது ஒரு பேறு. ஒரு பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு சங்கதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது வேறு பேறு. அதில் கைதட்டல் கிடையாது. ஈசன் அங்கேதான் அதிகம் உட்கார்ந்திருப்பான் என்று என் நெஞ்சு சொல்கிறது.

பிரசன்னாவும் அந்த இடத்துக்கு வந்தார். உலகமெல்லாம் வாசித்துப் பேர் வாங்கியவர், 2010-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஸ்வர்ணபூமி இசைக் கல்லூரியைத் தலைமை ஏற்று நடத்தத் தொடங்கினார். ஜாஸும் கர்நாடக இசையும் ஒரே கூரையின் கீழ். வெளிநாட்டு ஆசிரியர்கள் வந்து தங்கிக் கற்பித்தார்கள். மேல்நாட்டு டிரம்ஸ் வாசிக்க வந்த பிள்ளையும் ‘தகதிமி தகஜுணு’ சொல்லிப் பழக முடிந்தது, மிருதங்கம் தெரிந்த பிள்ளையும் கார்டு வரிசையின் நடையைக் கேட்டுப் பழக முடிந்தது. மேடையில் அவர் செய்ததைவிட இதை நான் பெரிதாக வைப்பேன். தான் தனியே வெட்டின வழியில் பின்னால் வருகிறவன் கல் தடுக்கி விழக்கூடாது என்ற தாய்மனம் அது. ராணிப்பேட்டையில் அவருக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. தனக்குக் கிடைக்காததைப் பிறருக்குக் கொடுத்தார்.

என் வீட்டுக் கூடத்தில் இப்போது வீணைகளுக்குப் பக்கத்தில் ஒரு கிட்டாரும் சாய்ந்து நிற்கிறது. பேரன் தன் பழையதை விட்டுவிட்டுப் போனான். தெருவில் இரண்டு பிள்ளைகள், ஒருத்தி கரைப்பக்கத்துக் கூலிக்காரர் மகள், அதைக் கற்க வருகிறார்கள். சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் நான் பாடிக்கொடுக்கிறேன். விரல் எங்கே வைக்க வேண்டும் என்பதை அவன் திருச்சியிலிருந்து போனில் முகம் காட்டிச் சொல்கிறான். அந்தப் பெண்ணின் விரல்நுனி சிவந்து, கொப்புளம் கட்டியிருக்கிறது. “வலிக்குதா?” என்று கேட்டால், தலையாட்டிவிட்டு மறுபடி கம்பியைத் தொடுகிறாள்.

பாலைவனநாதா, தவளவெண்ணகையாளே, அவளுக்கு அந்தக் கொப்புளம் சீக்கிரம் காய்த்துப்போகட்டும். மாயாமாளவகௌளையில் இருக்கிறாள், தோடி இன்னும் தூரம். அவள் காந்தாரத்தை ஆட்டுகிற நாள்வரை எனக்குக் காதும் குரலும் விட்டுவை. அதற்குப் பிறகு நீ எந்த வாத்தியத்தில் வந்தாலும் சரி, வா. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது, அவர்கள்தான். இன்றைக்கு ஜண்டை வரிசையின் மூன்றாவது பாடம்.